கூட்டம் கூட்டி வீடு காட்டாதீர்கள்: கோலாலம்பூர் சொத்து முகவர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பீட்டாளர்கள், சொத்து முகவர்கள், சொத்து மேலாளர்கள் வாரியத்துக்கும், மலேசியச் சொத்து முகவர்கள் கழகத்துக்கும், தலைநகரில் நிறுவனம் நடத்தும் முகவர்களுக்கும், அந்த முகவர்களின் கீழ் வீடு விற்றுத் தரும் என்னைப் போன்ற நெகோஷியேட்டர்களுக்கும்

வணக்கம்.

2022 ஏப்ரல் 1 முதல் நாடு எண்டமிக் கட்டத்துக்கு, அதாவது கோவிட்-19 நோயோடு வாழப் பழகும் கட்டத்துக்கு, மாறுகிறது என்று பிரதமர் அறிவித்த அன்று இரவே எங்கள் வாட்ஸ்அப் குழுக்களில் போஸ்டர்கள் வர ஆரம்பித்துவிட்டன. சனி, ஞாயிறு ஓப்பன் ஹவுஸ், காலை 11 முதல் மாலை 5 வரை, முன்பதிவு தேவையில்லை. செந்தூல், கெப்போங், செதாப்பாக், பழைய கிள்ளான் சாலை என்று எல்லா வட்டாரத்திலும் இதே கதைதான். இரண்டு ஆண்டாக முடங்கிக் கிடந்த தொழில் எழுந்து நிற்கிறது. அதில் எனக்கும் மகிழ்ச்சிதான். நானும் இதே கமிஷனில்தான் குடும்பம் நடத்துகிறேன். ஆனால் ஒருவர் குடியிருக்கும் வீட்டைக் காலையிலிருந்து மாலைவரை திறந்துபோட்டு, வருகிறவர் எல்லாரையும் கும்பலாக உள்ளே விடும் பழக்கம் திரும்பி வரக்கூடாது என்று நினைக்கிறேன். நேரம் ஒதுக்கி, ஒரு வேளைக்கு ஒரு குடும்பம் என்று காட்டுவதை விதியாக்குங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

நோய் போய்விடவில்லை. இந்த 2022 மார்ச் 5-ஆம் தேதி ஒரே நாளில் 33,000-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. இந்த இரண்டு ஆண்டில் நாம் பார்த்த மிகப் பெரிய எண்ணிக்கை அதுதான். பெரியவர்களில் பெரும்பாலோர் தடுப்பூசி போட்டுக்கொண்டதால், போன ஆண்டு, 2021 ஜூலை, ஆகஸ்டில் கிள்ளான் பள்ளத்தாக்கு மருத்துவமனைகள் திணறியதுபோல இப்போது திணறவில்லை. சரி. ஆனால் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைகளுக்கு இந்த 2022 மார்ச் வரை ஊசி கிடையாது. சிறுநீரகம் செயலிழந்தவர்கள், புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறுபவர்கள், மாற்று உறுப்பு பொருத்திக்கொண்டவர்கள் ஆகியோருக்கு ஊசி போட்டாலும் மற்றவர்களுக்குக் கிடைக்கும் அளவு பாதுகாப்பு கிடைப்பதில்லை. அவர்கள் பேரங்காடிக்குப் போகாமல் இருக்கலாம், தைப்பூசத்துக்கு பத்துமலைப் பக்கம் போகாமல் இருக்கலாம். கடைசியில் அவர்களுக்கு மிஞ்சுவது வீடு மட்டும்தான். நாம் ஆள் கூட்டிக்கொண்டு போவது அந்த வீட்டுக்குள்.

போன மாதம் செதாப்பாக் பக்கம் ஓர் இரட்டை மாடி வரிசை வீட்டுக்கு என் வாடிக்கையாளரை அழைத்துப் போயிருந்தேன். வீட்டை விற்கும் பொறுப்பு வேறொரு நிறுவனத்திடம் இருந்தது. நான் வாங்குபவரை அழைத்து வரும் கோ-ஏஜெண்டாக மட்டும் போனேன். உள்ளே எத்தனை பேர் என்று எட்டிப் பார்க்கத் தேவையே இல்லை. கிரில் கதவுக்கு வெளியே கழற்றிப் போட்ட செருப்புகள் கார் நிறுத்தும் இடம்வரை பரந்து கிடந்தன. வெயிலில் வந்தவர்களுக்கு வீடு குளுகுளுவென்று தெரிய வேண்டும் என்று கூடத்தில் ஏர்கோனைப் போட்டு, குளிர் வெளியே போகாதபடி இழுவைக் கதவைச் சாத்தியிருந்தார்கள். அந்தச் சின்னக் கூடத்தில் நான்கைந்து குடும்பங்கள் நின்றுகொண்டிருந்தன. ஆளாளுக்குப் பேச்சு, அந்தச் சத்தத்தை மீறி விலையைச் சொல்ல முகவர் முகக் கவரியைத் தாடைக்கு இறக்கிவிட்டிருந்தார்.

வீட்டில் வாடகைக்கு இருந்தது ஒரு தமிழ்க் குடும்பம். சமையலறையை ஒட்டிய கீழ் அறையில் ஒரு மூதாட்டி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். முழங்கையில் டயாலிசிஸ் ஊசி போட்ட இடத்தில் பிளாஸ்திரி. வந்தவர்கள் ஒவ்வொருவராக அந்தக் கதவைத் திறந்து, அளவைப் பார்த்து, ஜன்னல் எந்தப் பக்கம் என்று கேட்டுவிட்டு, கதவைத் திறந்தபடியே விட்டுவிட்டுப் போனார்கள். அவருடைய மருமகள் ஒவ்வொரு முறையும் வந்து சாத்தினார். என் அடையாள அட்டையைப் பார்த்துவிட்டு என்னிடம் மெல்லக் கேட்டார்: "அக்கா, இன்னும் எத்தனை பேர் வருவாங்க? அத்தைக்கு நாளைக்கு டயாலிசிஸ். தொற்று வந்துட்டா சென்டர்ல வழக்கமான நேரத்துக்குச் சேர்த்துக்க மாட்டாங்களே."

வீட்டுக்காரர் ஊரில் இல்லை. அப்படி ஒரு நோயாளி உள்ளே இருப்பது அவருக்குத் தெரியுமா என்பதே சந்தேகம். முகவர் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று அவருக்கு யாரும் சொல்லித் தரவும் இல்லை.

என் கவலை இங்கேதான். வீட்டைப் பாதுகாப்பாகக் காட்டுவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் நாம் இருவரைப் பற்றித்தான் பேசுகிறோம். ஒருவர் முகவர், மற்றவர் வாங்க வருபவர். இருவருமே விருப்பப்பட்டு வருகிறவர்கள், வேலை முடிந்ததும் கிளம்பிவிடுகிறவர்கள். மூன்றாவதாக ஒருவர் இருக்கிறார். நாம் போன பிறகும் அதே காற்றில் சமைத்து, சாப்பிட்டு, படுக்கிறவர். நம்மை அவர் அழைக்கவில்லை, இந்த விற்பனையில் அவருக்கு ஒரு காசு வருமானமும் இல்லை. விதி எழுதும்போது முதலில் நினைக்க வேண்டிய ஆள் அவர்தான்.

இந்த ஆண்டு அவருடைய பாடு இன்னும் கூடும் என்று நினைக்கிறேன். புது வீடு வாங்குவோருக்கு முத்திரை வரி விலக்குத் தந்த வீட்டு உடைமைத் திட்டம் 2021 டிசம்பர் 31-உடன் முடிந்துவிட்டது. இன்னொரு பக்கம், 2022 ஜனவரி 1 முதல், வாங்கிய ஆறாம் ஆண்டு தொட்டு வீட்டை விற்கும் குடிமக்களுக்குச் சொத்து ஆதாய வரி கிடையாது. மத்திய வங்கியான பேங்க் நெகாராவின் அடிப்படை வட்டி விகிதம் 2020 ஜூலையிலிருந்து இந்த 2022 மார்ச் வரை 1.75 விழுக்காட்டிலேயே நிற்கிறது. பழைய வீட்டை விற்க நினைப்பவருக்கும் வாங்க நினைப்பவருக்கும் இதைவிட நல்ல நேரம் வராது. மேம்பாட்டாளரின் மாதிரி வீட்டில் யாரும் குடியிருப்பதில்லை. அங்கே ஓப்பன் ஹவுஸ் வைத்தால் பாதிக்கப்படுவதற்கு ஒரு குடும்பம் கிடையாது. ஏற்கெனவே ஒருவர் வாங்கி, மறுபடி விற்கும் சப்சேல் வீடு அப்படியல்ல. அங்கே அடுப்பு எரிகிறது, பிள்ளை தூங்குகிறது, பெரியவர் மாத்திரை போட்டுக்கொள்கிறார்.

கூட்டம் ஏன் கூடுகிறது என்பதையும் மறைக்காமல் பேசிவிடுவோம். நேரத்தை மிச்சப்படுத்த மட்டும் நாம் கூட்டம் சேர்ப்பதில்லை. பக்கத்தில் நிற்கிறவர் சுவரைத் தட்டிப் பார்ப்பதைப் பார்த்ததும் வாங்க வந்தவருக்கு அவசரம் பிறக்கிறது. "வெளியே இன்னும் மூன்று பேர் நிற்கிறார்கள், இன்றைக்கே புக்கிங் போட்டுவிடுங்கள்" என்று சொல்ல வசதியாக இருக்கிறது. கூட்டமே விற்பனைக் கருவி. அதனால்தான் அதை விட மனம் வருவதில்லை. எந்த நோயும் இல்லாத காலத்திலேயே இந்த முறை எனக்குப் பிடித்ததில்லை. 30 ஆண்டுக் கடனில் தலையைக் கொடுக்கப் போகிற ஒருவரை அரைமணி நேரத்தில் முடிவெடுக்க வைப்பது நியாயமில்லை. நோய்க் காலத்தில் அது ஆபத்தாகவும் ஆகிவிடுகிறது.

அப்புறம், நம் ஊரில் ஒரே வீட்டைப் பல முகவர்கள் கையில் கொடுக்கும் வழக்கம் வேறு இருக்கிறது. வீட்டுக்காரர் பத்துப் பேரிடம் சொல்லி வைப்பார். பத்துப் பேரும் சனிக்கிழமை பிற்பகலைத்தான் பிடிப்பார்கள். ஒருவர் போனதும் இன்னொருவர், சில வேளைகளில் இரண்டு மூன்று முகவர்கள் ஒரே நேரத்தில். குடியிருப்பவருக்கு அந்த வார இறுதி போனது போனதுதான். ஒரு வீட்டுக்குச் சாவியும் நேரப் பட்டியலும் ஒரே ஒருவர் கையில் இருக்க வேண்டும். மற்ற முகவர்கள் அவரிடம் நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு வரட்டும். கமிஷன் பங்கீட்டுக்குக் கோ-ஏஜென்சி ஒப்பந்தம் எழுதத் தெரிந்த நமக்கு இது முடியாத காரியம் இல்லை.

வாடகைக்கு இருப்பவரின் உரிமையைப் பற்றியும் சொல்ல வேண்டும். குடியிருப்பு வாடகைக்கென்று தனிச் சட்டம் இந்த நாட்டில் இன்னும் வரவில்லை. அதனால் எல்லாம் வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறதோ அதுதான். வழக்கமாக, ஒப்பந்தம் முடிய ஒன்றிரண்டு மாதம் இருக்கும்போது, முன்கூட்டியே தெரிவித்துவிட்டு, நியாயமான நேரத்தில் வீட்டைக் காட்டலாம் என்று ஒரு பிரிவு இருக்கும். அதே தாளில், வாடகையை ஒழுங்காகக் கட்டுகிறவரை அவர் தொந்தரவில்லாமல் குடியிருக்கலாம் என்றும் இருக்கும். முதல் பிரிவை நாம் மனப்பாடமாகச் சொல்கிறோம், இரண்டாவதைப் புரட்டிப் பார்ப்பதே இல்லை. ஆறு மணி நேரம் வருகிறவர் போகிறவருக்கெல்லாம் கதவைத் திறந்து வைப்பது எந்தக் கணக்கில் நியாயமான நேரம்? தைரியமாக முடியாது என்று சொல்லக்கூடிய வாடகைதாரரும் நம்மவரில் குறைவு. இந்த ஊரில் இந்தியர்களுக்கு வாடகைக்கு வீடு கிடைப்பது எவ்வளவு சிரமம் என்று உங்களுக்கே தெரியும். இருக்கிற வீட்டுக்காரரைப் பகைத்துக்கொண்டால் அடுத்த வீட்டுக்கு யார் நல்ல வார்த்தை சொல்வார்கள் என்ற பயத்தில் வாயை மூடிக்கொண்டு, வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்துவிடுகிறார்கள்.

அதனால் என் முதல் கோரிக்கை: குடியிருப்பவரைக் கேளுங்கள். வீட்டுக்காரர் சம்மதித்துவிட்டார் என்பது போதாது. உள்ளே யார் யார் இருக்கிறார்கள், தொற்று வந்தால் தாங்காத உடல்நிலை யாருக்காவது உண்டா, எந்த நாள், எந்த நேரம் அவர்களுக்கு ஒத்துவரும் என்று முகவர் நேரில் பேச வேண்டும். என்ன நோய் என்று துருவ வேண்டாம். உண்டு, இல்லை என்று தெரிந்தால் போதும். டயாலிசிஸுக்குப் போகிறவர் வீட்டில் இருந்தால், அவர் சென்டரில் இருக்கும் அந்த நான்கு மணி நேரத்தில் காட்டிவிட்டு, அவர் திரும்புவதற்கு முன் ஜன்னலையெல்லாம் திறந்து காற்றோட்டம் விட்டுவிடலாம். கேட்டால்தானே இது தெரியும்? முடியவே முடியாது என்று ஒரு குடும்பம் சொன்னால், அவர்கள் காலி செய்யும்வரை வீடியோவில் காட்டுங்கள். மனநிறைவோடு இருக்கும் குடியிருப்பாளர் வீட்டைத் துப்புரவாக வைத்திருப்பார். அது விற்பனைக்கும் நல்லது.

இரண்டாவது, காற்று. இதில் இன்னும் நாம் 2020 மார்ச்சிலேயே நிற்கிறோம். வாசலில் கிருமித் தூய்மி இருக்கிறது, கைப்பிடியைத் துடைக்க ஒரு துணி இருக்கிறது, காய்ச்சல் அளக்கும் கருவி இருக்கிறது. இருக்கட்டும், வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் இந்தக் கிருமி முக்கியமாகக் காற்று வழியாகப் பரவுகிறது. 2020 ஜனவரியில் சீனாவின் குவாங்சோ நகர உணவகம் ஒன்றில் நடந்தது இதற்குப் பெயர்போன சான்று. தொற்று இருந்த ஒருவர் அங்கே சாப்பிட்டார். அவரையும் சேர்த்து, அடுத்தடுத்த மேசைகளில் இருந்த மூன்று குடும்பங்களைச் சேர்ந்த 10 பேருக்கு நோய் கண்டது. அந்த மூன்று மேசைகளுக்கும் இடையே ஏர்கோன் காற்று சுற்றிச் சுற்றி வந்தது, வெளிக்காற்று வர வழியில்லை என்று ஆராய்ந்தவர்கள் எழுதினார்கள். நம் வீடுகளில் இருக்கும் ஸ்பிலிட் யூனிட் ஏர்கோனும் அப்படித்தான். அது வெளியிலிருந்து புதுக் காற்றை எடுப்பதில்லை. அறையில் இருக்கும் காற்றையே இழுத்து, குளிர்வித்து, திரும்ப விடுகிறது. செதாப்பாக் வீட்டில் சாத்திய கதவுக்குள் எல்லாரும் மாற்றி மாற்றிச் சுவாசித்தது ஒரே காற்றை.

நல்ல வேளையாக, நம் ஊர் வீடுகள் காற்றுக்காகக் கட்டியவை. வரிசை வீட்டில் முன்கதவையும் பின்கட்டுக் கதவையும் திறந்தால் காற்று நேராக ஊடுருவிப் போகும். பழைய பிளாட்டுகளில் கண்ணாடிப் பட்டை ஜன்னல்களை முழுவதும் திருப்பி விடலாம். கொண்டோவில் பால்கனிக் கதவும் துணி காயப்போடும் பின்பக்கக் கதவும் இருக்கின்றன. முதல் ஆள் வருவதற்கு அரைமணி நேரம் முன்பே எல்லாவற்றையும் திறந்து, மேலே மின்விசிறியைப் போட்டு, ஏர்கோனை நிறுத்திவிடுங்கள். ஏர்கோன் வேலை செய்கிறதா என்று கேட்கிறவருக்கு இரண்டு நிமிடம் போட்டுக் காட்டிவிட்டு அணைத்தால் போகிறது. வேர்க்கிறது என்பார்கள். வேர்க்கட்டும், எந்த ஜன்னலில் காற்று வரும், மாலை வெயில் எந்த அறையில் விழும் என்று அப்போதுதான் வாங்குகிறவருக்கும் தெரியும்.

இன்னும் கவனமாக இருக்க விரும்புகிறவர்கள் கையடக்கமான கரியமிலவாயு மானி ஒன்றை வாங்கி வைத்துக்கொள்ளலாம். வெளியே அது 400 பிபிஎம்மை (பத்து லட்சத்தில் எத்தனை பங்கு என்ற அளவு) சற்றுத் தாண்டிக் காட்டும். உட்புறக் காற்றின் தரத்துக்கு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரத் துறை 2010-இல் வெளியிட்ட நடைமுறை விதி 1000 பிபிஎம் என்று வரம்பு வைத்திருக்கிறது. மானி 800, 900 என்று ஏறும்போதே, உள்ளே ஆள் அதிகம், காற்று போதவில்லை என்று தெரிந்துவிடும். ஒரு நிறுவனத்துக்கு இரண்டு வாங்கிப் போட்டு நெகோஷியேட்டர்கள் மாற்றி மாற்றி எடுத்துப் போகலாம்.

காலியாகக் கிடக்கும் யூனிட்டுக்கு இன்னொரு விஷயம். மாதக் கணக்கில் பூட்டிக் கிடந்தால் குளியலறைத் தரையில் இருக்கும் ஃப்ளோர் டிராப்பில், அதாவது வடிகாலின் வளைவில், தண்ணீர் வற்றிவிடும். அந்தத் தண்ணீர்தான் கழிவுக் குழாயின் காற்று வீட்டுக்குள் வராமல் தடுப்பது. 2003-இல் சார்ஸ் வந்தபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் அடுக்குமாடியில் 300-க்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டார்கள். இப்படி வற்றிப்போன தரை வடிகால்கள் வழியாகக் கிருமி வீட்டுக்கு வீடு பரவியிருக்க வேண்டும் என்றுதான் அங்கே விசாரித்தவர்கள் கண்டார்கள். ஆகவே வீடு காட்டப் போகும்போது ஒவ்வொரு குளியலறையிலும் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிடுங்கள். நாற்றமும் போகும், கரப்பானும் வராது. மின்சாரம் வெட்டப்பட்ட யூனிட் என்றால் விசிறி ஓடாது; சார்ஜ் போட்ட சின்ன விசிறி ஒன்றைக் கையோடு எடுத்துப் போங்கள்.

இனி நேரம் ஒதுக்குவது. 11 முதல் 5 வரை ஆறு மணி நேரம். ஒரு குடும்பத்துக்கு 20 நிமிடம், அவர்கள் போனதும் காற்றாட 15 நிமிடம் என்று வைத்தால் ஒரே நாளில் பத்துக் குடும்பங்களுக்குக் காட்டலாம். வாங்கும் எண்ணமும் வங்கிக் கடன் தகுதியும் உள்ள பத்துக் குடும்பம் வந்தால் எந்த வீட்டுக்கும் அது தாராளம். அந்தப் பத்தைப் பொறுக்கி எடுக்கும் வேலையைத்தான் நாம் முன்னாலேயே செய்ய வேண்டும். 2020 மார்ச் 18-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை வந்தபோது வீடியோ எடுத்து அனுப்பக் கற்றுக்கொண்டோமே, அது இப்போதும் கை கொடுக்கும். ஆனால் உள்ளதை உள்ளபடி எடுங்கள். கூரைக் கசிவின் கறை, பின்பக்கத்து உயர் அழுத்த மின்கம்பி, அடுத்த வீட்டுச் சுவர் எல்லாம் தெரியட்டும். நேரில் வந்து பார்த்துவிட்டு வேண்டாம் என்று போகப் போகிறவர் வீடியோவிலேயே வேண்டாம் என்று சொன்னால் எல்லாருக்கும் ஒரு பயணம் மிச்சம். வாங்குபவரின் கடன் விவரம் காட்டும் பேங்க் நெகாராவின் சி.சி.ஆர்.ஐ.எஸ். அறிக்கையைப் பார்த்து, சம்பளத்துக்கு எவ்வளவு கடன் கிடைக்கும் என்று முதலிலேயே கணக்குப் போட்டுவிட்டால் இன்னும் பாதிப் பேர் குறைவார்கள்.

நம் தமிழ்க் குடும்பங்களுக்கு இங்கே தனியாக ஒரு வார்த்தை. வீடு பார்க்கப் போவதென்றால் நாம் தனியாகப் போவதில்லை. அப்பா, அம்மா, மாமா, வாஸ்து பார்க்கத் தெரிந்த பெரியவர், பிள்ளைகள் எல்லாரும் ஒரே வேனில் வந்து இறங்குகிறோம். வாசல் கிழக்கா, பூஜை மேடை எங்கே வைக்கலாம், அடுப்பு எந்தத் திசையில் என்று ஆளுக்கொரு கேள்வி. அது தப்பில்லை, வீடு என்பது குடும்பமே சேர்ந்து எடுக்கும் முடிவு. முதல் தடவை கணவன், மனைவி இருவர் மட்டும் வாருங்கள். பாட்டிக்கு வீடியோ அழைப்பில் வாசலைக் காட்டுங்கள். வாஸ்து பார்ப்பவருக்குத் திசைகாட்டியோடு எடுத்த படத்தையும் வரைபடத்தையும் அனுப்பலாம். பிடித்துப்போய் விலையும் படிந்தால், முன்பணம் கட்டுவதற்கு முன் குடும்பத்தோடு ஒரு தடவை வந்து ஆற அமரப் பாருங்கள். முகவர்களே, அந்த இரண்டாவது வருகைக்கு முகம் சுளிக்காதீர்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கையும் தேவைப்படுகிறது. முன்பதிவு என்று வந்துவிட்டால் முகவர் நாலு கேள்வி கேட்பார். பெயர் என்ன, எத்தனை பேர், உடம்பு சரியா. அதோடு, என்ன இனம் என்ற கேள்வியும் சேர்ந்துகொள்ளும். வாடகை விளம்பரங்களில் இந்தியர்கள் வேண்டாம் என்று வெளிப்படையாகவே போடுகிற நாட்டில் இருக்கிறோம். போனில் பெயரைக் கேட்டதுமே "நேரம் எல்லாம் நிரம்பிவிட்டது" என்று சொல்லி அனுப்ப இந்த முறையை யாரும் பயன்படுத்திவிடக்கூடாது. நேரப் பட்டியல் கேட்டவர் வரிசைப்படி இருக்க வேண்டும், முகவர் அதை நிறுவனத்தில் ஒப்படைக்க வேண்டும், வாரியம் கேட்டால் காட்ட வேண்டும். சுகாதாரத்தைத் தவிர வேறு காரணம் சொல்லி ஒருவரையும் தள்ளக்கூடாது. இதை விதியிலேயே எழுதுங்கள். முகவரின் நல்ல மனத்தை நம்பி விட்டுவிட வேண்டாம்.

வந்தவர் யார் என்ற பதிவும் முக்கியம். இந்த 2022 மார்ச்சில் கடைக்குப் போனால் வாசலில் இருக்கும் குறியீட்டை மைசெஜாத்ரா செயலியில் ஸ்கேன் செய்கிறோம். பெரும்பாலான வீட்டு வாசலில் அந்தக் குறியீடு கிடையாது. நாளைக்கு ஒருவருக்குத் தொற்று உறுதியானால் அன்று அங்கே போனவர்களுக்கு யார் சொல்வது? முகவர் கையில் பெயரும் தொலைபேசி எண்ணும் இருந்தால் அன்றைக்கே ஒரு செய்தி அனுப்பிவிடலாம், குடியிருப்பவருக்கும் சேர்த்து. இரண்டு வாரம் கழித்து அந்தப் பட்டியலை அழித்துவிடுங்கள். தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2010 நமக்கும் பொருந்தும். நோய்க்காகக் கொடுத்த எண்ணுக்கு அடுத்த மாதம் புது கொண்டோ விளம்பரம் அனுப்பினால், அப்புறம் ஒருவரும் உண்மையான எண்ணைத் தரமாட்டார்கள்.

நிறுவனத் தலைவர்களிடம் ஒன்று கேட்க வேண்டும். இதுதான் எனக்கு எழுதக் கடினமாக இருக்கிறது. எங்களில் பெரும்பாலோருக்குச் சம்பளம் இல்லை. விற்பனைக்கு விதித்த உச்சக் கட்டணமே விலையில் 3 விழுக்காடு. அதை இன்னொரு முகவரோடு பகிர்ந்து, நிறுவனத்தின் பங்கும் போக, மிச்சம்தான் கைக்கு வரும். இந்த நிலையில் காலையில் தொண்டை கரகரத்தால் ஒரு நெகோஷியேட்டர் என்ன செய்வார்? மாத்திரை போட்டுக்கொண்டு கிளம்பிவிடுவார். போகாவிட்டால் வாடிக்கையாளர் வேறொருவர் கைக்குப் போய்விடுவார், அதோடு மாதமே போய்விடும். ஆகவே, உடம்பு சரியில்லை என்று ஒருவர் சொன்னால் அவர் இடத்தில் வேறொருவரை அனுப்புங்கள், ஆனால் அந்த விற்பனையில் அவர் பங்கு அவருக்கே சேர வேண்டும் என்று எழுத்தில் கொடுங்கள். வாரக் கடைசிக்கு முன் சோதித்துக்கொள்ள சுயபரிசோதனைக் கருவியை நிறுவனமே வாங்கித் தரட்டும். வாங்க வருகிறவருக்கும் இதே நியாயம்தான். காய்ச்சல் என்று கடைசி நேரத்தில் சொன்னவருக்கு அடுத்த நாளே இன்னொரு நேரம் கொடுங்கள், அதுவரை வீட்டை வேறு யாருக்கும் உறுதி செய்ய வேண்டாம். இந்த உறுதி இல்லாவிட்டால் எல்லாரும் காய்ச்சலை மறைத்துக்கொண்டுதான் வருவார்கள்.

அடுக்குமாடிகளில் நிர்வாகக் குழுக்களும் கொஞ்சம் ஒத்துழைக்க வேண்டும். வார இறுதியில் காவலர் கூண்டு முன்னால் ஐசி (அடையாள அட்டை) எண் எழுதுவதற்கு வரிசை நிற்க வேண்டியதில்லை. முகவர் முதல் நாளே பெயர், கார் எண், நேரம் எல்லாம் அனுப்பிவிட்டால் ஒரு பார்வையில் சரிபார்த்து உள்ளே விட்டுவிடலாம். லிப்டில் மற்ற குடியிருப்பாளர்களோடு அடைத்துக்கொண்டு போகாமல் அடுத்த லிப்டுக்கு நிற்கச் சொல்வது முகவரின் வேலை.

வாரியத்திடம் நான் கேட்பது சட்டத் திருத்தம் இல்லை. சட்டம் 242-இன் கீழ் எங்களை ஒழுங்குபடுத்தும் அதிகாரம் உங்களிடம் இருக்கிறது; ஒரு சுற்றறிக்கை போதும். குடியிருக்கும் வீட்டைக் காட்ட, குடியிருப்பவரின் எழுத்துபூர்வச் சம்மதம் வேண்டும். வாட்ஸ்அப் செய்தியாக இருந்தாலும் போதும். முன்பதிவு இல்லாத ஓப்பன் ஹவுஸை, யாரும் குடியிருக்காத வீட்டோடும் மாதிரி வீட்டோடும் நிறுத்திவிடுங்கள். குடியிருக்கும் வீட்டில் ஒரு வேளைக்கு ஒரு குடும்பம். நெகோஷியேட்டர் ஆவதற்கு எல்லாரும் உட்காரும் அந்த இரண்டு நாள் சான்றிதழ் வகுப்பில் இதற்கென்று ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். விளம்பரச் சட்டத்தையும் கட்டண விகிதத்தையும் சொல்லித் தருகிறோம், ஒருவர் வீட்டுக்குள் எப்படி நுழைவது என்று சொல்லித் தருவதில்லை. பதிவு இல்லாமல் தொழில் செய்யும் தரகர்கள் இதையெல்லாம் மதிக்கப் போவதில்லை என்பது உண்மைதான். வாங்குகிறவரும் குடியிருப்பவரும் அடையாள அட்டை எண்ணைக் கேட்கப் பழகினால் அவர்களும் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுங்குவார்கள்.

இந்த நோயில் நாட்டில் 30,000-க்கும் மேற்பட்ட உயிர்கள் போய்விட்டன. இந்த 2022 ஏப்ரலில் எண்டமிக் கட்டம் வந்தாலும் முகக் கவரி கட்டாயம்தான். நம் தொழிலுக்கு ஏற்ற விதியை எழுத இன்னும் சில வாரம் இருக்கிறது. அதற்குள் சுற்றறிக்கை வந்துவிட்டால், அடுத்து என்ன அலை வந்தாலும் நாம் தொழிலை நிறுத்த வேண்டிய அவசியம் வராது.

குடியிருப்பவரிடம் சம்மதம் கேட்கும் செய்தியையும், நேரப் பட்டியலையும் தமிழ், மலாய், ஆங்கிலம் மூன்றிலும் எழுதி வைத்திருக்கிறேன். இந்த வாரமே தொடங்க நினைக்கும் நெகோஷியேட்டர்கள் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், உங்கள் வட்டாரத்துக்கு ஏற்றபடி மாற்றிக்கொள்ளலாம். என் பெயர் போட வேண்டியதில்லை.

அன்புடன்,
செந்தூலில் இருந்து ஒரு நெகோஷியேட்டர்
மார்ச் 2022